தரவைக்கு நான் போட்ட சொல்

1

இந்தக் கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுத்து மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பெயரை மறுபடி சேர்த்திருக்கிறார்களாம். ஆறு மாதமாக அந்தப் பெயர் அங்கே இல்லை. காரணம் ஒரேயொரு சொல். தீவுப் பக்கம் இருந்து இதை வாசிப்பவர்கள் அந்தச் சொல்லை நாளைக்கு நாலு தரம் சொல்லுவீர்கள், அதைப் பற்றி யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசிக்கவில்லை. அதனால் வந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், பேர்கன் என்ற மழை நகரத்தில். பிறந்தது அந்தத் தீவுப் பக்கத்து நாரந்தனை. இருபத்துநாலு வயதில் கலியாணம் கட்டி இங்கே வந்தனான்; இப்போது முப்பத்திரண்டு வருடம். காலையில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும். பின்னேரங்களில் மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரியில் தமிழ் ஆள் ஒருவர் வைத்தியரோடு கதைக்க வேண்டியிருந்தால் என் தொலைபேசி அடிக்கும். இடைக்கிடை எழுத்து வேலையும் வரும். கணவர் காலமாகி நாலு வருடமாகிறது. ஒரே மகள் ஆரணி இதே நகரத்தில் வேறு வீட்டில் இருக்கிறாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு விதி உண்டு. சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இருபது வருடம் அந்த விதியை மீறாமல் இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

2

போன வருடம் சித்திரையில் ஒரு சின்ன வேலை வந்தது. தமிழ்க் கடிதம் ஒன்றை நோர்வே மொழியில் மாற்ற வேண்டும். ஒன்றரைப் பக்கம், தட்டச்சில் இருந்தது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இருந்த இடங்களைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். தனிப்பட்ட விபரம் வெளியே போகக்கூடாதென்று இங்கே எல்லாவற்றையும் அப்படித்தான் மறைப்பார்கள்.

விசயம் விளங்கியது. இங்குள்ள ஒரு நிறுவனம், தான் காற்றில் விடுகிற கரிக்கு ஈடாக வேறு நாடுகளில் மரம் நடுகிறது. எங்கள் நாட்டில் ஏதோ ஒரு ஊரிலும் இடம் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊர்ச் சங்கம் பதில் எழுதியிருந்தது. "எங்கள் ஊர்த் தரவையில் மரம் நடுவதானால், மாடுகள் போய்வரவும் தண்ணீர் நிற்கவும் இடம் விட்டே செய்ய வேண்டும்" என்று ஒரு வரி.

தரவை என்ற சொல்லைக் கண்டதும், எங்கட பக்கத்து ஆக்கள் என்று தெரிந்தது. அதில் ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. எனக்குப் பதினான்கு பேரைப் பார்க்கும் நாள். மதிய இடைவேளையில் உடுப்பு மாற்றும் அறை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, மடிக்கணினியை முழங்காலில் வைத்து அந்த வேலையைச் செய்தேன். இரண்டு மணிக்கு அனுப்ப வேண்டும்.

தரவைக்கு நோர்வே மொழியில் என்ன? எனக்கு உடனே வரவில்லை. பழைய அகராதி ஒன்றை இணையத்தில் திறந்து பார்த்தேன். கரம்பு, உவர் நிலம் என்ற மாதிரி இருந்தது. கண்ணை மூடினேன். வெடித்த தரை, உப்புப் பூத்த வெள்ளை, தூரத்தில் நாலு பனை, நிழலில்லாத வெளி. ஓம், அதுதான் என்று மனம் சொன்னது. 'ஓடெமார்க்' என்று எழுதினேன். பாழ்நிலம் என்று அர்த்தம். அனுப்பிவிட்டு மேலே போய் ஒரு அம்மாவுக்குக் காலுறை மாட்டினேன்.

3

ஆவணி நடுப்பகுதியில் ஒரு ஞாயிறு அண்ணை தொலைபேசி எடுத்தார். எனக்கு ஒரே சகோதரம். சிவபாலன் என்று பெயர், நாரந்தனையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பதினொரு மாடும் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் பதவியும்.

சுகம் விசாரிக்க முதலே தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, தரவையிலை கட்டை இறுக்கிறாங்கள். வாய்க்கால் முனையிலை இருந்து எங்கட கிணத்தடி மட்டும். முள்ளுக்கம்பி அடிச்சுச் சவுக்கு நடப் போறாங்களாம்."

"ஆர் அண்ணை?"

"நோர்வேக் கொம்பனியாம். உன்ரை நாடுதானே அது. நாங்கள் மாட்டுக்கும் தண்ணிக்கும் இடம் விடச் சொல்லிக் கடிதம் குடுத்தனாங்கள். இப்ப அவங்கடை அறிக்கை வந்திருக்கு. அதிலை என்ன கிடக்குத் தெரியுமே? ஊர்ச்சனமே இதைப் பாழ்நிலம் எண்டுதான் சொல்லுது, அதாலை இடம் விடத் தேவையில்லை எண்டு கிடக்கு. நாங்கள் எழுதின கடிதத்திலை நாங்களே சொன்னதாம்."

நான் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை நிற்பாட்டினேன்.

"கடிதம் ஆர் எழுதினது?" என்று கேட்டேன்.

"ஆர் எழுதிறது, நான்தான். ரவுணிலை குடுத்து ரைப் பண்ணுவிச்சனான். தரவை எண்டு எழுதினனான் பிள்ளை. பாழ்நிலம் எண்ட சொல்லு என்ரை கையாலை வராது. இடையிலை ஆரோ விசரன் மாத்திப்போட்டான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பாப்பம் அண்ணை, இஞ்சை விசாரிச்சுப் பாக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணையின் கடிதத்தை அண்ணையுடையது என்று தெரியாமல் நானே மொழிபெயர்த்திருக்கிறேன். ஒருவரும் எங்கள் வாயில் அந்தச் சொல்லைத் திணிக்கவில்லை. நான்தான் போட்டேன்.

4

பிழையைத் திருத்துவது லேசான காரியம் என்று நினைத்தேன். எனக்கு வேலை தருகிற மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் மாரித் என்ற பெண். நல்ல மாதிரி, எப்போதும் களைத்த குரல்.

"அது ஒப்படைத்து ஏற்றுக்கொண்ட வேலை," என்றாள். "பிழையென்றால் வாடிக்கையாளர்தான் முறையிட வேண்டும். நீங்கள் அவர்களோடு நேரே தொடர்புகொள்ள முடியாது."

"வாடிக்கையாளருக்குப் பிழையென்று எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தமிழ் தெரியாதே."

இணையத்தில் ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பிப் பாருங்கள் என்றாள். அந்தப் படிவத்தில் பிழையின் வகையைத் தெரிவுசெய்ய வேண்டும். எழுத்துப்பிழை, எண், பெயர், திகதி, விடுபட்ட வரி. சொல் சரி, அர்த்தம் பிழை என்பதற்கு இடமில்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினேன். இருநூறு எழுத்துக்குள் விளக்கச் சொன்னது.

தரவை என்றால் என்ன என்பதை இருநூறு எழுத்துக்குள் எழுத இருந்தபோதுதான் எனக்கு அது தெரியாது என்பது தெரிந்தது.

சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தரை என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து. தருவது என்பதால் தரவை என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். படிக்க அழகாக இருந்தது, ஆனால் ஆதாரம் ஒன்றையும் காணவில்லை. இருபது வருடம் சொற்களோடு இருந்தவளுக்கு, அழகான விளக்கத்தில் ஒரு பயம் உண்டு. பிறகு அப்பாவின் காணி உறுதிப் பத்திரப் பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "கிழக்கு: தரவை" என்று இருந்தது. அவ்வளவுதான். பக்கத்துக் காணிகளின் உறுதியிலும் அப்படித்தான் இருக்கும் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். எல்லாருடைய காணிக்கும் அது எல்லை. அதற்கென்று எழுதிய உறுதி எதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

அர்த்தம் வேறு. அதற்கு அகராதி உதவாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மாரி மழை வந்தால் தரவை முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்காலே நடந்து ரியூசனுக்குப் போவோம். தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். தையில் புல் வரும், மாடுகள் பங்குனி வரைக்கும் அதிலே நிற்கும். ஓரத்தில் இருக்கும் எங்கள் கிணறு நல்ல தண்ணியாக இருப்பது அந்தத் தண்ணீர் இறங்குவதால்தான். அது இல்லாவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். சனமெல்லாம் இடம்பெயர்ந்து தீவு வெறுமையாகக் கிடந்த வருடங்களில், அவிட்டு விட்ட மாடுகள் அங்கேதான் உயிர் பிழைத்தன. அண்ணை திரும்பிப் போனபோது, தரவையில் நின்ற மந்தைக்குள் தொடையில் எங்கள் குறி சுட்ட பசு ஒன்று நின்றதாம். அதன் பின்னால் குறியில்லாத மூன்று கன்று. இப்போது இருக்கும் பதினொன்றும் அதன் வழி வந்தவை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விசயம். வாங்கில் இருந்து எழுதிய அந்த மதியம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

முடிந்ததை எழுதி அனுப்பிய படிவத்துக்குத் தானியங்கிப் பதில் வந்தது. பத்து வேலைநாட்கள் என்றது. அவை முடிந்தும் வேறு பதில் வரவில்லை.

5

ஆரணிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் விசயம் என்றால் அவள் முகத்தில் ஒரு பொறுமை வரும். அந்தப் பொறுமையை எனக்குப் பார்க்க ஏலாது. அவளுக்குத் தமிழ் விளங்கும். பதில் நோர்வே மொழியில்தான் வரும்.

புரட்டாதி தொடக்கத்தில் அவள் என்னை ஐரிக்கின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐரிக் அவளுடைய நண்பன், கட்டப் போகிறவன் என்றுதான் நினைக்கிறேன். கேட்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவனுடைய தகப்பன் ஊலாவ் ஒரு விவசாயி, செம்மறி வளர்க்கிறார். கோடை முழுக்க மலையில் விட்ட ஆடுகளை அன்றைக்கு ஊரே சேர்ந்து கீழே இறக்குகிற நாள். எனக்கு வேலை, வேலிக் கதவைத் திறந்து பிடிப்பது.

மேலே பார்த்தேன். கல், சேறு, முழங்கால் உயரப் பற்றை. ஒரு பயிர் இல்லை.

"இந்த மலை ஆருடையது?" என்று ஊலாவிடம் கேட்டேன்.

"எங்கள் எல்லாருடையதும். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஒன்பது வீட்டுக்கும் மேய்ச்சல் உரிமை இருக்கிறது. ஊட்மார்க்."

அந்தச் சொல்லை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். மலையேறப் போகிறவர்கள் சொல்லுவார்கள். வேலிக்கு வெளியே உள்ள நிலம் என்று பொருள். காதில் விழுந்து போய்விடும்.

"ஒன்றும் விளையாத நிலமா அது?" என்று மறுபடி கேட்டேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அது இல்லாவிட்டால் இந்தத் தோட்டம் இல்லையே," என்றார். பிறகு ஆடுகள் வந்துவிட்டன, கதவைத் திறந்து பிடித்தேன்.

ஓடெமார்க், ஊட்மார்க். பின் பாதி ஒன்றுதான். முன்னால் உள்ள எழுத்தில்தான் வித்தியாசம். பாழ்நிலத்தில் எவரும் வேலி அடிக்கலாம். மற்றதில் முதலில் அந்த ஒன்பது வீட்டையும் கேட்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் காரில் ஆரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், சொல், கட்டைகள், பசு, கிணறு. அவள் காரை ஓரத்தில் நிற்பாட்டிவிட்டாள்.

"உங்களுக்கு ஊரில் மாடு இருந்ததா?" என்று கேட்டாள். "நீங்கள் எனக்குச் சண்டையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா. ஓடினது, ஒளிச்சது, செத்தது. ஊரைப் பற்றி நான் கேட்க வேறொன்றும் இல்லை என்று நினைத்தேன்."

அவள் சொன்னது சரி.

அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து மேசையில் இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நிறுவனத்துக்கு நேரே எழுதினோம். நான்தான் அந்த மொழிபெயர்ப்பாளர், இன்ன சொல் பிழை, கடிதம் எழுதியவர் என் அண்ணை என்பது பிறகுதான் எனக்குத் தெரியும், தரவை என்பது மாரியில் நீர் நிற்கும், மற்றக் காலம் ஊர் முழுக்க மாடு மேய்க்கும் பொது நிலம், உங்கள் மொழியில் ஊட்மார்க் என்பதற்குக் கிட்ட வரும், ஆனால் அதுவும் முழுக்கச் சரியில்லை.

"கடைசி வரி வேணுமா?" என்று ஆரணி கேட்டாள். "அது எங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும்."

"இருக்கட்டும்," என்றேன். "அதுதான் உண்மை."

அனுப்ப முதல் அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். "வேலை போகும் அம்மா."

"ஓம்," என்றேன்.

6

மாரித் இரண்டு நாளில் எடுத்தாள். வாடிக்கையாளரோடு நேரே தொடர்புகொண்டது ஒன்று, உறவினர் சம்பந்தப்பட்ட விசயத்தில் தலையிட்டது இரண்டு. எழுத்து வேலையிலிருந்து ஆறு மாதம் நீக்கம். தொலைபேசி வேலை செய்யலாம். "எனக்கு இதில் விருப்பமில்லை," என்றாள். அவள் சொன்னதை நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணைக்கு எடுத்தேன். அதுதான் இதெல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

"அண்ணை, அந்தச் சொல்லு நான் போட்டது."

"எந்தச் சொல்லு?"

"பாழ்நிலம். உங்கடை கடிதம் என்னட்டைத்தான் வந்தது. பேர் மறைச்சுக் கிடந்தது. நான்தான் மாத்தினனான்."

மாடு கத்துவது கேட்டது. வாளி ஒன்று விழுந்தது.

"நீயோ?" என்றார். பிறகு, "ஆரோ ஊர் பேர் தெரியாதவன் எண்டு ஒரு மாதமாப் பேசிக்கொண்டு திரிஞ்சன் பிள்ளை. இப்ப ஆரைப் பேசிறது?"

வைத்துவிட்டார். புரட்டாதி போய், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசியும் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிற மனிசன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் அண்ணி கதைப்பார். அவர் வெளியாலே போயிட்டார் என்பார். அவர் பக்கத்தில் இருமுவது எனக்குக் கேட்கும்.

7

நிறுவனம் எங்கள் கடிதத்தை வாசித்திருக்கிறது. நேரே பார்த்து முடிவெடுக்கிறோம் என்று பதில் எழுதினார்கள். கார்த்திகை கடைசியில் இரண்டு பேர் நாரந்தனைக்குப் போனார்கள். அண்ணி சொல்லித்தான் தெரியும். நல்ல மழை. வாகனம் வாய்க்கால் முனைக்கு அங்காலே போகவில்லை. இறங்கி நடந்தார்கள், முழங்கால் மட்டும் தண்ணீர். இறுக்கின கட்டைகளில் பாதி கிளம்பி மிதந்தது. கூழைக்கடாக்கள் நின்றனவாம். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தையில் முடிவு வந்தது. மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். கிழக்குப் பக்கத்துத் துண்டில் அதற்கு முதலே கம்பி அடித்துக் கன்றும் நட்டாயிற்று. அதை எடுக்க மாட்டார்களாம். மூன்று வீட்டு மாடுகள் இப்போது சுற்றித்தான் போக வேண்டும். எங்கள் கிணறு தப்பியது. அந்த மூன்று வீட்டாரில் இரண்டு பேர் எங்களுக்குச் சொந்தம்.

புதிய அறிக்கையில் அந்த நிலத்தைத் தரவை என்றே எழுதியிருக்கிறார்கள். கீழே இரண்டு வரி விளக்கம். ஆரணி வாசித்துக் காட்டினாள். அவளுக்கு அந்த 'ர' சரியாக வந்தது.

போன ஞாயிறு அண்ணை எடுத்தார். வெள்ளைப் பசு கன்று போட்டதைச் சொன்னார். பெண் கன்று, நாகு. பால் இந்தமுறை குறைவு என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணை," என்றேன், "அகராதியிலை அப்பிடித்தான் கிடந்தது. ஆனா அதைச் சொல்லித் தப்ப ஏலாது. நான் அந்த இடத்திலை வளந்தனான். என்னெண்டு எனக்கு அப்பிடி எழுத வந்தது எண்டு இன்னும் விளங்கேல்லை."

"எனக்கு விளங்குது," என்றார் அண்ணை. கோபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது. "நீ போனதுக்குப் பிறகு எத்தினை தரம் வந்தனீ?"

"ஏழு தரம்."

"ஏழும் ஓகஸ்ட். பிள்ளையின்ரை பள்ளிக்கூட லீவு, திருவிழா, எல்லாம் ஓகஸ்ட். நீ மட்டுமில்லை, வெளியிலை இருக்கிற நீங்கள் எல்லாரும் அப்பிடித்தான். அந்தக் கொம்பனிக்காரனும் முதல் படம் எடுத்தது கடிதத்துக்கு முந்தின ஓகஸ்டிலைதான். ஓகஸ்டிலை வந்து பாத்தா அது பாழ்நிலந்தான் பிள்ளை. வேறை என்ன தெரியும்?"

அந்த மதியம் கண்ணை மூடியபோது வந்த வெடிப்பும் உப்பும் எங்கிருந்து வந்தன என்று இப்போது விளங்கியது. நான் வளர்ந்த காலத்து நினைவு அல்ல அது. விடுமுறைக்கு வந்து போனவளின் நினைவு.

"மாரிக்கு ஒருக்கா வா," என்றார். "வந்து பாத்திட்டு எழுது."

திங்கட்கிழமை முதியோர் இல்லப் பொறுப்பாளரிடம் லீவு கேட்டேன். மார்கழியில் தர ஏலாது, நத்தாருக்கு ஆளே இல்லை என்றார். கார்த்திகை கடைசியில் பத்து நாள் வேண்டுமானால் தரலாம் என்றார். சரி என்றுவிட்டு அண்ணைக்கு எடுத்தேன். அந்த நேரம் தரவையில் தண்ணி நிக்குமோ என்று கேட்டேன்.

"மழை வந்தா நிக்கும்," என்றார்.